புதுப்பித்த ஷத்தோ வாங்குகிறவர்கள் கோட்டை விடும் இடங்கள்

பிரெஞ்சில் ஷத்தோ என்றால் பெரிய மாளிகை. பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கில் ‘முழுமையாகப் புதுப்பிக்கப்பட்ட ஷத்தோ விற்பனைக்கு’ என்ற விளம்பரத்தைப் பார்த்துப் போகிறவர்கள் ரயில் நிலையத் தூரம், குளிர்கால எரிபொருள் செலவு, பத்திரச் செலவு எல்லாவற்றையும் விசாரித்துவிடுகிறார்கள். சுவரை மட்டும் தட்டிப் பார்ப்பதில்லை.

சிமென்ட் பூச்சைப் புதுப்பிப்பு என்று நம்புவது

அந்தப் பக்கத்துப் பழைய மாளிகைகள் பல துஃபோ என்ற வெளிறிய சுண்ணாம்புக் கல்லில் கட்டியவை. கைரம்பத்தால் அறுக்குமளவு மென்மை. கன அளவில் 40 சதவீதத்துக்கு மேல் நுண்துளை. அடியில் ஈரத்தடுப்பு எதுவும் கிடையாது. தரை ஈரமும் மழையும் உள்ளே ஏறும், சுண்ணாம்புக் காரை வழியே ஆவியாகி வெளியேறும். சுவர் பல நூறு ஆண்டு நின்றது அப்படித்தான்.

அதன்மேல் சிமென்ட் பூசினால் வழி அடைபடுகிறது. கற்களுக்கு இடையிலான இணைப்புகளில் மட்டும் சிமென்ட் வைத்தாலோ ஈரம் கல்லின் முகம் வழியாகவே வெளியேறுகிறது. உப்பு அங்கே படிகமாகிறது, பனிக்காலத்தில் நீர் உறைந்து விரிகிறது, கல் தகடு தகடாக உரிகிறது. சிமென்ட் கோடு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

உள்ளே நடப்பது இன்னும் மோசம். ஈரக்கறை தெரியாமலிருக்கக் கண்ணாடிக் கம்பளியும் ஜிப்சம் பலகையும் வைத்து வெள்ளையடித்துவிடுகிறார்கள். பலகைக்குப் பின்னால், சுவருக்குள் புதைந்த ஓக் உத்தர முனைகள் ஊறுகின்றன. மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி, இருட்டும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் மெருல் என்ற பூஞ்சை பிடிக்கும். அது காரைக்குள் புகுந்து அடுத்த அறைக்கும் போகும். வெயிலும் உலர்ந்த காற்றுமாக இருக்கும் ஆகஸ்டில் பார்த்து வாங்கியவர்களுக்கு இது பிப்ரவரியில்தான் தெரிகிறது. கேட்டால், விற்றவர் ‘புதிதாகப் பூசியதுதானே’ என்பார். எரிச்சலூட்டுவதே அந்தப் பதில்தான்.

போகும்போது ஊசிமுனை ஈரமானி ஒன்றை எடுத்துப்போங்கள். உத்தரத்தின் நடுவில் ஒருமுறை, சுவரில் நுழையும் இடத்தில் ஒருமுறை குத்திப் பாருங்கள். இரண்டு அளவும் வெகுவாக மாறுபட்டால் விலை பேச்சை நிறுத்துங்கள். மழை அதிகம் அடிக்கும் மேற்குச் சுவரிலும் மழைநீர்க் குழாய்க்குப் பின்னாலும் கட்டாயம் பாருங்கள். ஒரு மின்சாக்கெட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காளான் வாசனை வந்தால் மேலே கேட்கவே வேண்டாம்.

சரிசெய்ய முடியும், அவசரப்பட்டால் முடியாது. முதலில் கூரைத் தாழ்வாரம், வடிகால். பிறகு சிமென்ட்டை உளியால் கொத்தி எடுக்க வேண்டும். இயந்திரச் சுத்தி துஃபோவையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். ஒரு கோடையாவது சுவரைத் திறந்தபடி உலரவிட்டு, சுவரை நனைத்து, ஒரு பங்கு மென்மையான இயற்கை நீரியல் சுண்ணாம்புக்கு (நீர்பட்டு இறுகும் வகை, வலிமை எண் 2) மூன்று பங்கு மணல் கலந்து மூன்று அடுக்காகப் பூசுங்கள். வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போனால் வேலையை நிறுத்த வேண்டும்.

வேலை செய்தவர் யார் என்று கேட்காமல் விடுவது

கட்டுமான வேலையில் வரும் பெரிய குறைகளுக்கு, அதைச் செய்தவருக்குப் பிரான்சில் 10 ஆண்டுப் பொறுப்பு உண்டு. 1978-ஆம் ஆண்டின் சட்டப்படி வேலை செய்கிறவர் அதற்குக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். ரசீதையும், வேலை தொடங்கிய நாளில் நடப்பிலிருந்த காப்பீட்டுச் சான்றையும் சேர்த்துக் கேளுங்கள். விற்பவரே தன் கையால் பெரிய வேலை செய்திருந்தால் 10 ஆண்டுக்கு அவரே பொறுப்பாளி. ஆனால் காப்பீடு இல்லாதவர் கையை விரித்தால், சட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஸ்லேட் கூரை

ஸ்லேட் கல் ஓடுகளைப் பார்க்காதீர்கள், அவற்றைப் பிடித்திருக்கும் கொக்கியைப் பாருங்கள். துத்தநாகம் பூசிய இரும்புக் கொக்கி, ஓடுகளுக்கு முன்பே துருப்பிடித்து உடைந்துவிடும். துருப்பிடிக்காத எஃகு என்றால் நல்லது.

500 மீட்டர்

பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சுற்றி வழக்கமாக 500 மீட்டருக்குள், அதிலிருந்தோ அதோடு சேர்ந்தோ கண்ணுக்குத் தெரியும் கட்டடத்தில் ஜன்னல் மாற்றவும் அரசுக் கட்டடக் கலைஞரின் ஒப்புதல் தேவை. முந்தைய உரிமையாளர் கேட்காமல் பொருத்திய பிளாஸ்டிக் ஜன்னல், நீங்கள் அடுத்த அனுமதி கேட்கும்போதுதான் தலைவலியாகும்.

கழிவுநீர்த் தொட்டி

விற்பவர் தரும் தொட்டிச் சோதனை அறிக்கை 3 ஆண்டுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். விதிக்குப் பொருந்தாவிட்டால், வாங்கிய ஓராண்டுக்குள் சரிசெய்வது உங்கள் செலவு. அதை விலையில் கழியுங்கள்.

நீச்சல்குளம்

போட்டோவுக்கு.

பத்து நாள்

முன்ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின், தனிநபராகக் குடியிருக்க வாங்குகிறவருக்கு, காரணமே சொல்லாமல் விலகிக்கொள்ள 10 நாள் உண்டு; முன்பணம் திரும்பி வரும். பலர் இந்த நாட்களில் திரைச்சீலை பார்க்கப் போகிறார்கள். ஈரமானியோடு ஒரு தச்சரை அழைத்துப்போக வேண்டிய நாட்கள் அவை.