பல ஊடகங்களில் ஒரு மர்மக் கதை: ஓவிய மாணவர்கள் சேர்ந்து உருவாக்கும் முறை

ஒரு கடிதம், சில புகைப்படங்கள், ஒரு நீர்வண்ணப் படம், நான்கு நிமிட ஒலிப்பதிவு, கிழித்தெடுத்த நாட்காட்டித் தாள். பார்வையாளர் இவற்றைப் பார்த்தும் கேட்டும் புரட்டியும், நடந்தது என்ன என்று தாமே கண்டுபிடிக்க வேண்டும். இந்த மாதிரிக் கூட்டுப் படைப்புகள் சொதப்புவதற்குத் திறமைக் குறைவு காரணமாவது அபூர்வம். ஆளுக்கொரு பொருளைச் செய்து முடித்துவிட்டு, கடைசி வாரத்தில் அவற்றை ஒட்டவைக்கப் பார்ப்பதுதான் காரணம். மர்மக் கதையைத் தலைகீழாகக் கட்ட வேண்டும்: முதலில் விடை, அடுத்து துப்பு, கடைசியில்தான் பொருள்.

ஆறிலிருந்து எட்டுப் பேர், எட்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் யாரும் தூரிகையைத் தொடக் கூடாது.

உண்மைக் கோப்பு

நடந்ததை நடந்த வரிசையில், ஒளிவுமறைவில்லாமல் இரண்டு பக்கத்துக்குள் எழுதுங்கள். யார், எங்கே, எத்தனை மணிக்கு, ஏன். இதைப் பார்வையாளர் பார்க்கப்போவதில்லை. ஆனால் குழுவில் எல்லோரிடமும் ஒரே பிரதி இருக்க வேண்டும். ஒருவரைக் காப்பாளராக வையுங்கள். மாற்றம் வேண்டுமென்றால் அவரிடம் சொல்லி, அவர் திருத்தி, பதிப்பு எண் போட்டு அனுப்பிய பிறகுதான் அது செல்லும். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு மாற்றமே கிடையாது. எவ்வளவு அருமையான யோசனை வந்தாலும் சரி.

தேதியை நிஜ நாட்காட்டியோடு பொருத்துங்கள். உதாரணத்துக்கு, கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவர் 1987 மார்ச் 14 இரவு காணாமல் போகிறார் என்று கதை. அது சனிக்கிழமை. மறுநாள் பௌர்ணமி. அதனால் அன்றிரவு கிட்டத்தட்ட முழு நிலா. இந்த ஒரு தகவலே ஒரு துப்பாகிவிடும்.

அடுத்து, பார்வையாளர் எட்ட வேண்டிய முடிவுகளைப் பட்டியலிடுங்கள். நான்கு அல்லது ஐந்து போதும். ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்பு, மூன்றும் வெவ்வேறு ஊடகத்தில். மூன்று அதிகம் என்று தோன்றும். ஆனால் ஒன்றைக் கவனிக்காமல் விடுவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவதுதான் கை கொடுக்கும்.

எந்தத் துப்பு எந்த ஊடகத்தில்?

ஒவ்வொரு துப்பையும் ஒரு கேள்வியால் சோதியுங்கள்: இதை வெறும் எழுத்தாகத் தட்டச்சு செய்து கொடுத்தால் எதை இழப்போம்? ஒன்றையும் இழக்கவில்லை என்றால் துப்பு தப்பான ஊடகத்தில் இருக்கிறது.

மேலே சொன்ன கதையில் ஒரு முடிவை மட்டும் எடுத்துக்கொள்வோம்: பக்கத்து வீட்டுக்காரர் பொய் சொல்கிறார், அன்றிரவு அவர் வீட்டில் இல்லை. அவருடைய வாக்குமூலம் ஒலிப்பதிவாக இருக்கிறது. "வெளியே கும்மிருட்டு. எங்கள் சுவர்க் கடிகாரம் ஒன்பது அடித்தது, படுத்துவிட்டேன்" என்கிறார். முதல் துப்பு நாட்காட்டித் தாள். 15ஆம் தேதியில் பௌர்ணமி என்று அச்சாகியிருக்கிறது. ஆனால் மேகம் மூடியிருக்கலாமே என்று பார்வையாளர் விட்டுவிடக்கூடும். இரண்டாவது, அவருடைய மகள் அன்றிரவு வரைந்த நீர்வண்ணப் படம். ஜன்னல் கம்பிகளின் நிழல் நிலவொளியில் தரையில் தெளிவாக விழுந்திருக்கிறது. வாசலில் சின்னச் செருப்பு மட்டும் கிடக்கிறது, பெரிய செருப்பு இல்லை. மூன்றாவதுதான் ஒலியால் மட்டுமே முடிவது. பதிவின் தொடக்கத்தில் விசாரிப்பவர் "மணி ஐந்து ஐம்பத்தெட்டு" என்கிறார். அந்தச் சுவர்க் கடிகாரம் இருக்கும் அறையிலேயே பதிவு நான்கு நிமிடம் ஓடுகிறது. பின்னணியில் டிக் டிக் சத்தம் முழுக்கக் கேட்கிறது, ஆறு மணி மட்டும் அடிக்கவேயில்லை. அந்தக் கடிகாரத்தில் மணியடிக்கும் பகுதி பழுது. காணாமல் போனவரின் வேலைக் குறிப்பேட்டில் அது பதிவாகியும் இருக்கிறது.

இல்லாத சத்தம் துப்பாக வேண்டுமென்றால் இருக்கும் சத்தம் சுத்தமாக இருக்க வேண்டும். பேச்சைப் பதிவு செய்யும் அறையில், யாரும் பேசாமல் ஒரு நிமிடம் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள். வெட்டி ஒட்டிய இடங்களில் அந்த வெறும் அறைச் சத்தத்தை அடியில் ஓடவிடாவிட்டால், ஒட்டு ஒவ்வொன்றும் காதில் இடறும். பார்வையாளர் 'பதிவைத் திருத்தியிருக்கிறார்கள்' என்று வேறு திசையில் போய்விடுவார். தொலைபேசிக் குரல் வேண்டுமென்றால் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 3400 ஹெர்ட்ஸுக்கு மேலும் உள்ள ஒலி அதிர்வெண்களை வெட்டிவிடுங்கள்.

காகிதப் பொருட்கள்

பழைய கடிதத்துக்குத் தேநீர்ச் சாயம் போதும். ஒரு லிட்டர் கொதிநீரில் நான்கு மேசைக்கரண்டி தேயிலைத்தூள். பத்து நிமிடம் ஊறவைத்து, வடிகட்டி, நன்றாக ஆறவிடுங்கள். தாளைத் தட்டில் வைத்து மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் மூழ்கவிட்டு, தட்டையாகக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் சாயம் கீழ் விளிம்பில் இறங்கிக் கோடாகத் தங்கிவிடும்.

சாயம் முதலில், எழுத்து பிறகு. இங்க்ஜெட் அச்சு பெரும்பாலும் நீரில் கரைந்து பரவும். லேசர் அச்சின் டோனர் என்ற மைத்தூள் நீருக்கு அசையாது. ஏற்கெனவே அச்சிட்டாயிற்று என்றால் அது எந்த அச்சு என்று பார்த்துவிட்டுத்தான் நனைக்க வேண்டும்.

இன்னொன்று: இன்றைய வெள்ளைத் தாள்களில் வெண்மை கூட்டும் ரசாயனம் கலந்திருப்பதால், புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். கதையில் அந்த விளக்குக்கு வேலை இருந்தால், அந்த ரசாயனம் சேர்க்காத பருத்தித் தாளை வாங்குங்கள். இல்லையென்றால் ரகசிய மையைத் தேடவேண்டிய இடத்தில் தாள் முழுவதும் பளிச்சென்று எரியும்.

ஒரு பாத்திரத்தின் கையெழுத்தைக் கடைசிவரை ஒரே ஆள்தான் எழுத வேண்டும். இருவர் மாற்றி எழுதினால், 'கடிதம் போலி' என்ற கதை தானாக முளைக்கும். எழுத்துருவிலும் இதே எச்சரிக்கை. காலிப்ரி எழுத்துரு 2007இல்தான் பரவலாக வெளிவந்தது. 2006 தேதியிட்ட ஆவணங்களில் அது இருந்ததால், 2017இல் பாகிஸ்தானில் ஒரு பெரிய வழக்கில் அந்த ஆவணங்களின் நம்பகத்தன்மையே கேள்விக்குள்ளானது. உங்கள் பார்வையாளரும் அப்படித்தான் உற்றுப்பார்ப்பார். கூர்ந்து பார்க்கச் சொல்லி அழைத்துவிட்டு, 'அதைக் கண்டுகொள்ளாதீர்கள்' என்று சொல்ல முடியாது.

திரையும் கைபேசியும்

ஒலிப்பதிவுக்கு க்யூஆர் குறியீடு வைப்பதானால் அதை 1987 கடிதத்தில் ஒட்டாதீர்கள். க்யூஆர் பிறந்ததே 1994இல். காட்சிப் பொருளின் விவரச் சீட்டில் வையுங்கள். எவ்வளவு தூரத்திலிருந்து படிக்க வேண்டுமோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம். சுற்றிலும், குறியீட்டின் சின்னக் கட்டங்களில் நான்கின் அகலத்துக்கு வெற்றிடம். பிழைதிருத்தத்தின் உச்ச நிலையான ஹெச் நிலையில் உருவாக்கினால் ஏறத்தாழ 30 சதவீதம் சேதமடைந்தாலும் படிக்கும்.

புகைப்படக் கோப்புக்குள் எடுத்த தேதியும், சிலசமயம் இடமும் ஒளிந்திருக்கும். அது துப்பாக வேண்டாம் என்றால் நீக்கிவிடுங்கள். துப்பாக வேண்டுமென்றால் அசல் கோப்பையே கொடுங்கள். செய்திச் செயலிகள் வழியே படமாக அனுப்பினால் அது பெரும்பாலும் அழிந்துபோகும்.

வெளியாட்களை வைத்துச் சோதித்தல்

ஏழாம் வாரம் இதற்கு மட்டும். கதை தெரியாத மூன்று குழுக்கள், குழுவுக்கு இரண்டு மூன்று பேர், வெவ்வேறு நாட்களில். நீங்கள் ஓரமாக உட்கார்ந்து, எந்தப் பொருளை எத்தனை மணிக்கு எடுத்தார்கள், என்ன பேசிக்கொண்டார்கள் என்று மட்டும் எழுதுங்கள். வாய் திறக்கக் கூடாது, இது கஷ்டம்தான். பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் சுற்றினால் அங்கே இன்னொரு துப்பு தேவை. தவறான ஒரே முடிவுக்கு இரண்டு குழுக்கள் வந்தால், குற்றம் அவர்களிடம் இல்லை. அந்த எண்ணத்தை எந்தப் பொருள் கிளப்பியது என்று கேட்டு அதை மாற்றுங்கள். சட்டகத்தில் ஒரு கீறல், தற்செயலாகப் படத்தில் விழுந்த ஒரு நிழல், இப்படி ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும்.

வெளியிடும்முன்

காணவில்லை என்ற சுவரொட்டியைக் காட்சி அறைக்கு வெளியே ஒட்டவே ஒட்டாதீர்கள். யாராவது நிஜமாகவே பதறிப்போய்க் காவல்துறையை அழைப்பார்கள். பொது இடத்தில் பெட்டியோ பையோ விட்டுவைப்பதும் கூடாது. தொலைபேசி எண் தேவைப்பட்டால் உங்கள் குழுவிடம் இருக்கும் எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். மனம்போன எண் எங்கோ ஒருவருடையதாக இருக்கும். ஒவ்வொரு பொருளின் பின்புறமும் 'கற்பனைப் படைப்பு' என்று சிறிதாக எழுதி, குழுவின் பெயரும் போடுங்கள்.

கையில் எடுத்துப் பார்க்கும் தாள்கள் மூன்று நாளில் கிழிந்துவிடும். ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி செய்து, எண் போட்டு, உறையில் வையுங்கள். காலையில் திறக்குமுன் ஒருவர் பட்டியலோடு ஒப்பிட்டு, குறைந்ததை மாற்றி, கடிதத்தை அதன் மடிப்பிலேயே மடித்து வைக்கட்டும்.