குடும்பக் காருக்கு டயர்: அகலத்துக்கு முன் கடைசி எண்ணைப் பாருங்கள்

டயர் கடையில் முதலில் கேட்பது, "என்ன வண்டி?" அடுத்தது, "கொஞ்சம் அகலமாகப் போட்டுவிடலாமா சார்? எடுப்பாக இருக்கும்." இந்த இரண்டாவது கேள்விக்குத் தலையாட்டும் முன் நீங்களே சரிபார்க்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். உதாரணத்துக்கு மாருதி எர்டிகா. அதற்கு நிறுவனம் பொருத்தித் தரும் டயர் 185/65 ஆர்15. உங்களிடம் வேறு கார் இருந்தாலும் பார்க்கும் முறை இதுதான்.

படி 1: ஓட்டுநர் கதவைத் திறங்கள்

கதவைத் திறந்தால், அது மூடும் இடத்திலுள்ள தூணில் ஒரு ஸ்டிக்கர் தெரியும். டயர் அளவும் நிரப்ப வேண்டிய காற்றின் அளவும் அதில் இருக்கும். பல கார்களில் ஆள் குறைவாக இருக்கும்போது எவ்வளவு, முழுச்சுமைக்கு எவ்வளவு என்று தனித்தனியாகவே கொடுத்திருப்பார்கள். ஸ்டிக்கர் உரிந்துபோயிருந்தால் காருடன் வந்த கையேட்டைப் பாருங்கள்.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் டயரைப் பார்த்து அளவு எடுக்காதீர்கள். பழைய கார் வாங்கியவர்களுக்கு இது மிகவும் முக்கியம். முன்பு வைத்திருந்தவர் என்ன மாற்றினார் என்று யாருக்குத் தெரியும்? ஒரே மாடலிலும் வேறுபாடு உண்டு. 2018இல் வந்த ஸ்விஃப்டில் விலை குறைந்த வகைகளுக்கு 165/80 ஆர்14, மேல் வகைகளுக்கு 185/65 ஆர்15. "ஸ்விஃப்ட் டயர்" என்று மட்டும் சொன்னால் போதாது.

படி 2: எண்களைப் பிரித்துப் படியுங்கள்

டயரின் பக்கச்சுவரில் 185/65 ஆர்15 88எச் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம். ஆனால் இது விழுக்காடு. அகலத்தில் 65 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 120 மி.மீ. 'ஆர்' ரேடியல் டயரைக் குறிக்கிறது. 15 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் மூன்றையும் கலந்து வைத்த புண்ணியவான் யாரோ!

பெரும்பாலோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். குடும்பக் காருக்கு இதற்குப் பிறகு வரும் 88தான் உயிர்நாடி.

படி 3: சுமைக் குறியீடு

88 என்றால் 88 கிலோ அல்ல. அது ஒரு குறியீடு. போதிய காற்று இருக்கும்போது ஒரு டயர் தாங்கக்கூடிய அதிகபட்ச எடையை அது சொல்கிறது. 84 என்றால் 500 கிலோ, 87 என்றால் 545, 88 என்றால் 560, 91 என்றால் 615.

அலுவலகத்துக்குத் தனியாகப் போய்வரும் காரில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் எர்டிகாவை நினைத்துப்பாருங்கள்: ஏழு பேர், பெட்டிகள், திரும்பும்போது அரிசி மூட்டை, தேங்காய். எடையில் பெரும்பகுதி பின் சக்கரங்களின் மேல் இறங்குகிறது. இதே பயணம் சித்திரை வெயிலில் என்றால் கேட்கவே வேண்டாம். தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏறினால் பக்கச்சுவர் அதிகமாக மடங்கி மடங்கி நிமிர்கிறது. அதில் பிறக்கும் சூடுதான் டயர் வெடிப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று.

"185/65 இல்லை சார், 185/60 இருக்கிறது, விலையும் கொஞ்சம் குறைவு" என்று கடையில் சொல்லலாம். 185/60 ஆர்15 சாதாரண டயரின் சுமைக் குறியீடு 84. டயருக்கு 60 கிலோ குறைகிறது. நான்கு டயருக்கும் சேர்த்து 240 கிலோ. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடைசி எழுத்து வேக வரம்பு: எஸ் 180 கி.மீ., டி 190, எச் 210, வி 240. நம் சாலைகளுக்கு எஸ்ஸே தாராளம்தான். ஆனாலும் கையேட்டில் உள்ள எழுத்துக்குக் கீழே இறங்காதீர்கள். எண்ணோ எழுத்தோ கூடுவதில் தவறில்லை, குறையக் கூடாது.

படி 4: அளவு மாற்றித்தான் ஆக வேண்டுமா? கணக்குப் போடுங்கள்

டயரின் மொத்த உயரம் = பக்கச்சுவர் உயரம் × 2 + ரிம் விட்டம். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. எர்டிகாவுக்கு 120.25 × 2 + 381 = 621.5 மி.மீ.

மாற்று டயரின் உயரம் இதிலிருந்து இரண்டு விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்று வைத்துக்கொண்டால் பெரிய தவறு நேராது. 195/60 ஆர்15 போட்டால் 615 மி.மீ.; ஒரு விழுக்காடுதான் குறைவு, சுமையும் அதே 88. பரவாயில்லை. 205/65 ஆர்15 என்றால் 647.5 மி.மீ.; நான்கு விழுக்காட்டுக்கு மேல் கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது முன்பைவிட நான்கு கி.மீ. கூடுதலாக ஓடிக்கொண்டிருப்பீர்கள். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது டயர் உள்ளே உரசவும் வாய்ப்புண்டு.

16 அங்குல அலாய் வீலுக்கு மாறுபவர்களுக்கு ஒரு சூட்சுமம். 195/55 ஆர்16 உயரத்தில் அச்சாகப் பொருந்தும்: 620.9 மி.மீ. ஆனால் அதன் சாதாரண வகையின் சுமைக் குறியீடு 87. உயரம் சரியாக வந்தும் சுமை ஒரு படி இறங்கிவிட்டது. அந்த அளவில் எக்ஸ்.எல். (கூடுதல் சுமை தாங்கும் வகை) என்று குறிக்கப்பட்ட, 91 உள்ள டயராகக் கேளுங்கள். என்னைக் கேட்டால், குடும்பக் காருக்கு 16 அங்குல ரிம்மே தேவையில்லை. பக்கச்சுவர் குள்ளமாகக் குள்ளமாக, நம் ஊர்ப் பள்ளங்களில் ரிம்முக்கு அடி விழுவதும் கூடும்.

அகலமான டயர் மழையில் நன்றாகப் பிடிக்கும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. தேங்கிய நீரில் நடப்பது நேர்மாறு. அகலம் கூடினால் ஒதுக்கித் தள்ள வேண்டிய நீரும் கூடுகிறது. வேகமாகப் போனால் டயர் தரையைத் தொடாமல் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும்.

படி 5: எல்லாப் பருவத்துக்கும் ஏற்றதா?

பனி பொழியும் நாடுகளில் ஆல் சீசன் டயர் என்றால் லேசான பனியையும் சமாளிக்கும் டயர். பக்கச்சுவரில் எம்+எஸ் என்று இருக்கும். தமிழ்நாட்டில் நமக்கு இரண்டே பருவம்: வெயில், மழை. ஊட்டியின் உறைபனிக்காலத்துக்குக்கூடத் தனி டயர் தேவைப்படாது. எனவே அந்தப் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். நீர் வெளியேற நீளவாக்கில் ஆழமான, அகன்ற பள்ளங்கள் இருக்கின்றனவா, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அது போதும்.

படி 6: தேதி

பக்கச்சுவரில் 'டாட்' என்ற எழுத்துகளுடன் தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. நான்கு டயரிலும் பாருங்கள். ஓராண்டுக்கு மேல் கடையில் கிடந்த சரக்கு என்றால் வேறு கேளுங்கள். விலையில் தள்ளுபடி தருகிறேன் என்றாலும் எனக்கு வேண்டாம்.

படி 7: மாட்டும்போது கூடவே நில்லுங்கள்

இரண்டு டயர்தான் புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் அவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன்சக்கரம்தானே இழுக்கிறது என்று கடையில் வாதிடுவார்கள். ஈரச்சாலையில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க வழியுண்டு. பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், பழக்கமில்லாதவர்களால் மீட்பது கடினம். பழைய இரண்டில் பள்ளங்களின் ஆழம் தேய்ந்து 1.6 மி.மீ. ஆகக் குறைந்திருந்தால் (பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடு டயரின் மேற்பரப்போடு சமமாகிவிடும்) நான்கையும் மாற்ற வேண்டியதுதான்.

பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டையும் அன்றே முடித்துவிடுங்கள். காற்று ஸ்டிக்கரில் உள்ளபடி, டயர் குளிர்ந்திருக்கும்போது. டயரின் மேல் பொறித்திருக்கும் காற்றளவு அதிகபட்ச வரம்பு, அதை நிரப்பக் கூடாது. கோடையில் காற்றைக் குறைத்து வைக்கும் பழக்கமும் தவறு; காற்று குறைந்தால்தான் டயர் அதிகம் சூடாகும்.

கிளம்பும் முன் ஸ்டெப்னியிலும் காற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். பில்லில் டயர் அளவு, சுமைக் குறியீடு, அந்த நான்கு இலக்கத் தேதி மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாரன்டி கேட்டுப் போகும்போது உதவும். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்க மறக்காதீர்கள்.