பிபிஏ சேர்ந்திருக்கீங்களா? மொத மாசமே கணக்க புடிங்க

நீலகிரில கோத்தகிரி, குந்தா, கூடலூர் பக்கம் இருந்து இந்த வருஷம் பிபிஏ சேர்ந்த தம்பி தங்கச்சிங்களுக்காக எழுதுறேன். ப்ளஸ் டூல சயின்ஸ் குரூப் எடுத்துட்டு வந்தவங்க கொஞ்சம் நின்னு படிங்க, நானும் அப்படித்தான் வந்தேன், மேனேஜ்மென்ட் தியரி ஈஸியா இருக்குன்னு அதையே படிச்சிட்டு அக்கவுன்ட்ஸ கடைசி மாசத்துக்கு தள்ளிப்போட்டேன், மொத செமஸ்டர்லயே அரியர் விழுந்துச்சு.

மேனேஜ்மென்ட் அறிஞர்கள் ஃபயோலோட 14 கொள்கை, டெய்லரோட தியரி, மார்க்கெட்டிங்ல நாலு பி (ப்ராடக்ட், ப்ரைஸ், ப்ளேஸ், ப்ரொமோஷன்) இதெல்லாம் பரீட்சைக்கு முன்னாடி ரெண்டு வாரம் உக்காந்தா வந்துடும். கணக்கு அப்படி வராது. தினமும் ரெண்டு கணக்கு, கைல எழுதி போடணும், விடைய பாத்துட்டு புரிஞ்ச மாதிரி தலையாட்டுனா ஹால்ல கை ஓடாது.

டெபிட் கிரெடிட் குழப்புதுன்னா வீட்டு தேயிலை கணக்கையே எடுங்க. அப்பா ஃபேக்டரிக்கு பச்சை இலை போடுறாரு, காசு அடுத்த மாசம்தான் வரும், அப்போ ஃபேக்டரி நம்ம கடனாளி, அது டெபிட், விற்பனை கிரெடிட். நடுவுல அவசரத்துக்கு அட்வான்ஸ் வாங்குனா அது வருமானம் இல்ல, நாம திருப்பிக் கழிச்சுக் குடுக்க வேண்டிய கடன். கேஷ் டெபிட், ஃபேக்டரி கிரெடிட். நெறைய வீட்டுல இத வருமானமா நெனச்சு செலவு பண்ணிட்டுதான் மாசக்கடைசில முழிக்கிறாங்க, அதனால இத ஒரு நோட்டுல மூணு மாசம் எழுதிப் பாருங்க, ஜர்னல் (நாள்வாரியா எழுதுறது), லெட்ஜர் (ஒவ்வொரு கணக்கா பிரிச்சு எழுதுறது), ட்ரையல் பேலன்ஸ் (டெபிட்டும் கிரெடிட்டும் சமமான்னு சரிபாக்குறது) மூணும் அதுலயே வந்துடும்.

காஸ்ட் அக்கவுன்டிங் வரும்போது பிரேக் ஈவனுக்கும், அதாவது லாபமும் இல்லாம நஷ்டமும் இல்லாம நிக்குற அளவுக்கும், இதே வழிதான். ஒரு ஃபேக்டரிக்கு நிலையான செலவு மாசம் 3 லட்சம், ஒரு கிலோ டீத்தூள் 100 ரூபாய்க்கு போகுது, இலை, விறகு, கரன்ட் எல்லாம் சேத்து கிலோவுக்கு 80 ஆகுதுன்னு வச்சுக்கோங்க. மிச்சம் 20. மூணு லட்சத்த இருபதால வகுத்தா 15,000 கிலோ. ஒரு கிலோ தூளுக்கு நாலரை கிலோ பச்சை இலைன்னு போட்டா 67,500 கிலோ இலை வந்தாத்தான் நஷ்டம் இல்ல. ஜனவரில உறைபனி விழுந்து இலை கருகுனா ஃபேக்டரிக்காரர் ஏன் பதறுறாருன்னு இந்த ஒரு கணக்குல புரிஞ்சிடும்.

எகனாமிக்ஸுக்கு குன்னூர் தேயிலை ஏலம் இருக்கு, வாராவாரம் விலைய கவனிங்க. கேரட் போடுற வீடுன்னா மேட்டுப்பாளையம் மண்டி விலையையும் கமிஷனையும் எழுதி வைங்க. பிசினஸ் லால 1872 ஒப்பந்தச் சட்டத்துக்கு ஆஃபர் (முன்மொழிவு), அக்செப்டன்ஸ் (ஏத்துக்குறது), கன்சிடரேஷன் (பதிலுக்குக் குடுக்குறது) மூணையும் சொந்த உதாரணத்தோட எழுதுங்க, புக்ல இருக்குறதையே எல்லாரும் எழுதுவாங்க.

பஸ்ல போக வர ரெண்டு மணி நேரம் போயிடும், வளைவுல படிச்சா தலை சுத்தும், அதனால முந்தின நாளே பாடத்த போன்ல ரெக்கார்ட் பண்ணி கேட்டுட்டு போங்க. மழை நாள்ல நெட்வொர்க் இருக்காது, பழைய கொஸ்டின் பேப்பர டவுன்லோட் பண்ணி வச்சிடுங்க, அஞ்சு வருஷத்து பேப்பராவது வேணும்.

கடைசி வருஷம் ப்ராஜெக்ட்டுக்கு கோயம்புத்தூர் கம்பெனிதான் வேணும்னு அலையாதீங்க. பக்கத்துல இருக்குற தேயிலை ஃபேக்டரியோ லாட்ஜோ போதும். ஆனா இலை குவியுற மாசத்துலயும் மே சீசன்லயும் போனா யாருக்கும் நின்னு பேச நேரம் இருக்காது, டிபார்ட்மென்ட் லெட்டர முன்னாடியே வாங்கிட்டு வேலை கொறைஞ்ச நாளா பாத்து போங்க.