சிக்னல் குறைந்த ஊரிலிருந்து பிறப்புச் சான்றிதழுக்கு இணையவழியில் விண்ணப்பிப்பது எப்படி?

போரினாலும் 2004 ஆழிப்பேரலையினாலும் பலமுறை இடம்பெயர்ந்த குடும்பங்கள் நிறைந்த திருகோணமலை மாவட்டத்தில், தொலைந்துபோன பிறப்புச் சான்றிதழுக்குப் புதிய பிரதி எடுக்கும் தேவை பல வீடுகளில் உண்டு. பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்கவும், 15 வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கவும் அது வேண்டும். பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வீட்டிலிருந்தே இப்பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் டேட்டா வருவதும் போவதுமாக இருக்கும் ஊர்களில் படிவத்தை நிரப்பும்போதே தொடர்பு அறுந்துவிடுவதால், பலர் பாதியிலேயே கைவிடுகின்றனர். எனவே வேலையின் பெரும்பகுதியைத் தாளில் முடித்துவிட்டு, அதன் பின்னரே இணையத்தைத் திறக்குமாறு வலியுறுத்துகிறேன்.

படி 1: தாளில் எழுதிக்கொள்ளுங்கள்

பிறந்தவரின் முழுப்பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், தாய் தந்தையரின் பெயர்கள், பதிவுப் பிரிவு, பதிவு இலக்கம், பதிவு செய்த திகதி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். பெயர்களை இன்று நீங்கள் எழுதும் விதத்தில் அல்லாமல், பதிவேட்டில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே எழுத வேண்டும்.

பதிவு இலக்கமும் பதிவுத் திகதியும் தெரிந்திருந்தால் கட்டணம் குறைவு. தெரியாவிட்டால் உத்தியோகத்தர்கள் பதிவேட்டில் தேட வேண்டியிருப்பதால் கட்டணம் கூடும். மூலப்பிரதி கையில் இல்லாதவர்கள், படித்த பாடசாலையின் கோவையில் பழைய போட்டோப்பிரதி இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது பதிவுப் பிரிவில்தான். பிறப்பு நிகழ்ந்த இடத்துக்குரிய பிரிவிலேயே அது பதியப்படுகிறது. பெற்றோர் வசிக்கும் இடத்தில் அல்ல. தாய் மூதூரில் வசித்திருந்தாலும், குழந்தை திருகோணமலை பொது வைத்தியசாலையில் பிறந்திருந்தால், பதிவைத் திருகோணமலை நகரப் பக்கமே தேட வேண்டும்.

விண்ணப்பிப்பவரின் அடையாள அட்டை இலக்கத்தையும் அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். 2016க்கு முந்திய அட்டைகளில் 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும், அதற்குப் பிந்தியவற்றில் 12 இலக்கங்களும் இருக்கும்.

படி 2: சிக்னலைச் சரிசெய்யுங்கள்

மீள்குடியேறிய ஊர்களில் பல வீடுகளின் கூரை தகரத்தாலானது. உலோகத் தகடு வானலையைத் தடுப்பதால், முற்றத்தில் கிடைக்கும் சிக்னல் அறைக்குள் வந்ததும் விழுந்துவிடும். வீட்டில் இரண்டு தொலைபேசிகள் இருந்தால், டேட்டா உள்ள தொலைபேசியை வெளியே நிழலான, உயரமான இடத்தில் வைத்து, அதன் ஹொட்ஸ்பொட்டை இயக்கி, மற்றத் தொலைபேசியை அதனுடன் இணைத்துத் திண்ணையில் இருந்தபடியே படிவத்தை நிரப்புங்கள். ஒரே தொலைபேசிதான் இருக்கிறதென்றால், செட்டிங்கில் மொபைல் நெட்வேர்க் பகுதிக்குச் சென்று அங்கே காட்டப்படும் வலையமைப்பு வகைகளை மாற்றி மாற்றிப் பார்த்து, நிலையாக நிற்பதைத் தெரிவுசெய்யுங்கள்.

பக்கம் திறக்கிறது, ஆனால் ஆவணப் படம் ஏற மறுக்கிறது என்பதும் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. கோபுரத்தின் அலைவலு பெரிது, உங்கள் தொலைபேசியின் வலு மிகச் சிறிது. அதனால் தரவிறக்கத்தைவிடப் பதிவேற்றமே முதலில் தளர்கிறது. படம் இணைக்க நேர்ந்தால், வெட்டி, அளவைக் குறைத்த பின்னரே ஏற்றுங்கள்.

படி 3: தளத்தைத் திறந்து நிரப்புங்கள்

அரச தளங்களின் முகவரி ஜி-ஓ-வி டொட் எல்-கே (gov.lk) என்று முடிய வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்குகளைத் தொடாதீர்கள். தமிழ்ப் பக்கத்தைத் தெரிவுசெய்து, தாளைப் பார்த்து நிரப்புங்கள். கடையில் கொடுத்து நிரப்புவித்தாலும், வங்கி அட்டையையும் குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி இலக்கத்தையும் பிறர் கையில் கொடுக்கவே கூடாது.

படி 4: பணம் செலுத்துங்கள்

உங்கள் வங்கி அட்டை இணையக் கொடுப்பனவுக்கு அனுமதிக்கப்பட்டதா என்பதை வங்கியில் முன்கூட்டியே உறுதிசெய்யுங்கள். பணம் கழிந்து பற்றுச்சீட்டு வராவிட்டால், உடனே மறுபடி செலுத்த வேண்டாம். வங்கியின் குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்துத் திணைக்களத்திடம் விசாரியுங்கள். விண்ணப்ப இலக்கம் திரையில் தோன்றியவுடன் ஸ்கிரீன்ஷொட் எடுப்பதோடு, அதே தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐயம் எழுந்தால் 1919 என்ற அரச தகவல் நிலையத்தை அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம். எவ்வளவு முயன்றும் தொடர்பு கிடைக்காதவர்கள் அதே தாளைப் பிரதேச செயலகத்துக்கு எடுத்துச் சென்று காகிதப் படிவத்தை நிரப்பலாம். அங்கும் இதே விபரங்களே கேட்கப்படும். இணைய வசதி இல்லை என்பதற்காக எவருக்கும் அரச சேவை மறுக்கப்படக்கூடாது.

படி 5: ஊராகச் சேர்ந்து எழுதுங்கள்

மேலே சொன்னவை தனியொருவர் சமாளிக்கும் வழிகள். ஊருக்கு அலைவரிசை வராததற்கு அவை தீர்வாகா. கிராம உத்தியோகத்தர் பிரிவு, வீதியின் பெயர், சிக்னல் அறும் இடங்கள், நேரம், பயன்படுத்தும் நிறுவனம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அயலவர்களின் கையொப்பத்துடன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே கூறுவதால், கடிதம் தமிழில் இருப்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. பதிவுத்தபாலில் அனுப்பி, பிரதியொன்றைப் பிரதேச செயலாளரிடம் கொடுங்கள். பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் பிரிவுக்குக் கோபுரம் திட்டமிடப்பட்டுள்ளதா, எப்போது அமையும் என்று ஆணைக்குழுவின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள்.