ரிவ்யூ மீட்டிங் மட்டும் மேற்பார்வை ஆகிவிடாது

குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன சமூகப் பணியாளர், ஊரார் ஏசியதை எல்லாம் வாங்கிக்கொண்டு இரவு பத்து மணிக்கு வீடு திரும்புகிறார். காலையில் அலுவலகத்தில் அவர் எதிர்கொள்ளும் முதல் கேள்வி: "ரிப்போர்ட் ரெடியா?"

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் நடக்கும் பெரிய தவறு இதுதான். கணக்குக் கேட்கத்தான் வேண்டும். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும், குழந்தையின் குடும்பச் சூழலை அறியும் சமூக விசாரணையை 15 நாளில் முடிக்க வேண்டும். கெடு தவறினால் அல்லல்படுவது குழந்தை. ஆனால் கற்றுக்கொடுப்பதும் தாங்கிப் பிடிப்பதும் மேற்பார்வையில் சேர்ந்தவைதான். அவற்றுக்குத் தனியே நேரம் வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம், கதவைச் சாத்திவிட்டு, போனை ஓரமாக வைத்துவிட்டு பணியாளரோடு உட்காருங்கள். "எந்தக் குழந்தை உங்க மனசை விட்டுப் போகலை?" என்று தொடங்குங்கள். பேசும் முன் குழந்தை சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது போன்ற விஷயங்கள் படிவத்தில் ஏறாது, இப்படிப் பேசும்போதுதான் வரும். பல நேரம் கேஸே அதில்தான் இருக்கும்.

அடுத்தது, மனம் மரத்துப்போவதை அனுபவம் என்று மெச்சுவது. "அவங்க எத்தனையோ போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றம்) கேஸ் பார்த்தவங்க, அசரவே மாட்டாங்க" என்கிறோம். தீராத அசதி, வேலையிலிருந்து மனம் விலகுவது அல்லது அதன்மேல் கசப்பு, செயல்திறன் குறைவது: பணிச்சோர்வுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அடையாளங்கள் இவை. சிறுமி சொல்வதைக் கேட்டு முடிப்பதற்குள் "பொய் சொல்லுது" என்று முடிவு கட்டுகிறவரைக் கண்டிக்கும் முன், அவர் கையில் எத்தனை கேஸ் இருக்கிறது என்று பாருங்கள்.

சோர்வைத் தனிமனிதப் பலவீனமாக்கி, ஒருநாள் யோகா வகுப்போடு முடித்துக்கொள்வதும் தவறு. குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டப்படி ஒரு மாவட்டம் முழுமைக்கும் சமூகப் பணியாளர்கள் 2 பேர், புறத்தொடர்புப் பணியாளர்கள் 2 பேர், ஆற்றுப்படுத்துநர் ஒருவர். அதுவும் ஒப்பந்த வேலை. அடுத்த வருடம் வேலை நீடிக்குமா என்ற பயத்தில் "என்னால முடியலை" என்று யார் வாய்விட்டுச் சொல்வார்? அதனால் மேலதிகாரிதான் முந்திக்கொண்டு கேஸ்களைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு வந்த அழைப்புக்காக இரவெல்லாம் அலைந்தவரை மறுநாள் வீட்டில் இருக்கச் சொல்ல வேண்டும்.

அப்புறம், மேற்பார்வை செய்பவரும் அதே கதைகளைத்தான் கேட்கிறார். பக்கத்து மாவட்ட அலுவலரிடமாவது மாதம் ஒருமுறை அவர் மனம்விட்டுப் பேச ஏற்பாடு செய்யுங்கள்.