சாண்டோரினி: கப்பல் நிற்கும் ஒரே பகலில் செய்யக்கூடாத தவறுகள்

கிரீஸ் நாட்டுத் தீவான சாண்டோரினியில் சுற்றுலாக் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. எரிமலை வெடித்து உள்வாங்கிய கால்டேராவின் ஆழமான கடலில் நின்றுகொண்டு, பயணிகளைச் சிறு படகுகளில் இறக்கிவிடும். தீவின் முக்கிய ஊரான ஃபீரா, நேர் செங்குத்தான மலைவிளிம்பில், கடலுக்கு மேலே 200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தை ஏறுவதும் இறங்குவதும்தான் உங்கள் பகலைத் தீர்மானிக்கும். அதைக் கணக்கில் எடுக்காமல் போடும் திட்டம் மதியமே கலைந்துவிடும்.

பெரும்பாலோர் செய்யும் தவறு, இறங்குவதற்கான நேரத்தைக் கணக்கில் சேர்க்காதது. ஃபீராவின் அடிவாரத்தில் இருக்கும் பழைய துறைமுகத்திலிருந்து மேலே போக மூன்று வழிகள்: கேபிள் கார், சுமார் 588 படிகள், கழுதை சவாரி. கேபிள் காரில் ஏறிவிட்டால் சில நிமிடங்கள்தான், ஆனால் ஒரு தடவைக்கு ஆறு பெட்டி, பெட்டிக்கு ஆறு பேர், மொத்தம் 36 பேர். மூவாயிரம் பேரை இறக்க அது எண்பது தடவைக்கு மேல் போய்வர வேண்டும். கூட்டத்தைக் கட்டுப்படுத்த 2025 முதல் நாளொன்றுக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த வரம்புக்குள்ளேயே மூன்று பெரிய கப்பல்கள் ஒரே நாளில் நிற்கலாம். காலையில் ஏறுபவர்கள் பிரிந்து பிரிந்து வருவார்கள். பிற்பகலில் இறங்குபவர்கள் எல்லோரும் ஒன்றாக வருவார்கள். அப்போது வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டுவது சகஜம்.

அதனால் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். கப்பலுக்குத் திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று முந்தைய இரவே பார்த்துக்கொள்ளுங்கள். கப்பல் புறப்படும் நேரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கடைசிப் படகு அதற்கு வெகுமுன்பே போய்விடும். அதிலிருந்து இரண்டு மணி நேரத்தைக் கழித்தால், கேபிள் கார் வரிசையில் வந்து நிற்க வேண்டிய நேரம் கிடைக்கும். கைப்பேசி தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும், கப்பல் சிலசமயம் தன் நேரத்தை மாற்றாது. கையில் கட்டும் கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது.

படிகளில் இறங்குவதாக இருந்தால் அரை மணி நேரம் போதும், ஆனால் செருப்பைப் பார்த்துப் போடுங்கள். கற்கள் தேய்ந்து வழவழவென்றிருக்கும், மேலே சாணமும் கிடக்கும். அதே படிகளில்தான் கழுதைகளும் கோவேறு கழுதைகளும் கூட்டமாக வரும். பலநேரம் பிடித்துவர ஆள் இருக்காது. அவை நெருங்கும்போது மலைப்பக்கச் சுவரை ஒட்டி நின்றுவிடுங்கள், கடல் பக்க விளிம்பில் நிற்காதீர்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும் இந்த வழி வேண்டாம். சவாரியையும் தவிர்க்கவே சொல்வோம். 100 கிலோவுக்கு மேலோ, விலங்கின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலோ ஏற்றக்கூடாது என்று 2018இல் கிரீஸ் அரசு விதி கொண்டுவந்தது. இருந்தும் கோடை வெயிலில் அந்தப் படிகளில் நாள் முழுக்க ஏறி இறங்குவது அவற்றுக்குக் கொடுமை.

அடுத்த தவறு, எப்பாடுபட்டாவது ஓயாவுக்குப் போயே தீருவது என்ற பிடிவாதம். நீலக் குவிமாடப் படங்களில் நாம் பார்க்கும் ஓயா (உள்ளூரில் ஈயா என்பார்கள்) ஃபீராவிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர். பேருந்து அரை மணி நேரத்தில் போய்விடும், ஆனால் ஏறவே நெரிசலாக இருக்கும். டாக்சிகளும் மிகக் குறைவு. மலைவிளிம்பு நடைபாதையில் நடந்தால் மூன்று முதல் நான்கு மணி நேரம், நிழலே கிடையாது. கரையில் ஐந்து மணி நேரமோ அதற்குக் குறைவாகவோதான் இருக்கிறதென்றால் ஓயாவை விட்டுவிடுங்கள். ஃபீராவிலிருந்து ஃபிரோஸ்டெஃபானி வழியாக இமெரோவிக்லி வரை நடந்தாலே போதும், நிதானமாகப் போனாலும் முக்கால் மணி நேரம்தான். கால்டேரா விளிம்பு ஊர்களிலேயே உயரமானது அதுதான். கடலும், எதிரே கருத்த எரிமலைத் தீவும், ஸ்காரோஸ் பாறையும் ஒரே பார்வையில் தெரியும், கூட்டமும் குறைவு.

ஓயா கட்டாயம் வேண்டும் என்றால் காலையிலேயே முடித்துவிடுங்கள். பழைய துறைமுகத்தில் படகும் பேருந்தும் சேர்ந்த சீட்டு விற்பார்கள். படகில் ஓயாவின் அடிவாரமான அமூதிக்குப் போய், அங்கிருந்து பேருந்தில் மேலேறி, பார்த்து முடித்ததும் பேருந்திலேயே ஃபீரா வரலாம். ஏறுவதற்குக் கேபிள் கார் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஃபீராவிலிருந்து இறங்கும் செலவு சீட்டில் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு வாங்குங்கள். படத்துக்காக யார் வீட்டு மொட்டைமாடியிலும் ஏறாதீர்கள், அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள்.

கோடையில் சூரியன் மறைய இரவு எட்டு மணி தாண்டிவிடும். அதற்காக ஓயாவில் காத்திருந்தால் பேருந்து, கேபிள் கார், படகு என்று மூன்று வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கப்பல் இரவு வரை நிற்கிறதென்றால் ஃபீராவிலேயே நின்று பாருங்கள்.

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போகிறவர்கள் பெரும்பாலும் தீவின் இன்னொரு துறைமுகமான அதினியோஸில் இறங்கி நேரே பேருந்தில் ஏறுவார்கள். ஏறும் வரிசை இல்லை என்பது உண்மை. ஆனால் பல சுற்றுலாக்கள் ஃபீராவில் முடியும். கையில் ஒரு கேபிள் கார் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதற்குப்பின் வரிசை எல்லோருக்கும் ஒன்றுதான்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே பயணத்தில் துருக்கியின் குஷாதாசியும் இருந்தால் ஷெங்கன் எல்லையை (கிரீஸ் உட்பட ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் எல்லையை) விட்டு வெளியேறி மறுபடி நுழைகிறீர்கள். அதனால் பலமுறை நுழைவு விசாவாகக் கேளுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்ற வடக்குக் காற்று பலமாக வீசும். அலை அதிகமானால் சிறு படகுகளை இறக்க முடியாமல் கப்பல் அப்படியே போய்விடுவதும் உண்டு. தனியாக வண்டியோ வழிகாட்டியோ பதிவு செய்தால், கப்பல் நிற்காவிட்டால் பணம் திரும்ப வரும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பதிவு செய்யுங்கள்.