பையில் இருந்தது, உதவவில்லை: நெடுந்தூர மலை சைக்கிள் பந்தயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன பந்தயத்தில் நான் ஓட்டவில்லை. முழங்கால் ஒத்துழைக்காததால், கடைசி உணவு நிலையத்தில் தண்ணீர் நிரப்பித் தரும் வேலைக்கு நின்றேன். முதல் முறை ஓட்டுகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் கதையைச் சொன்னார்கள். கேட்கக் கேட்க எனக்கு உடம்பு கூசியது. எல்லாமே நான் செய்த கூத்துகள்தான்.

ஹெல்மெட் போடுங்கள், பயிற்சி செய்யுங்கள் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் 100 கிலோமீட்டர் மலைப்பாதைக்குப் பெயர் கொடுக்கவே மாட்டார்.

முதல் ஏற்றத்திலேயே கால்களைத் தீர்த்துவிடுவது

ஒற்றையடிப் பாதை தொடங்குவதற்குள் முன்னால் போய்விட வேண்டும், இல்லையென்றால் நெரிசலில் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. பயம் நியாயமானதுதான். ஆனால் நெரிசலில் போவது சில நிமிடங்கள். முதல் அரை மணியில் கால்களை எரித்துவிட்டால் பின்பாதியில் ஏற்றத்துக்கு ஏற்றம் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும், அது மணிக்கணக்கு. அமெரிக்காவின் கொலராடோவில் நடக்கும் லெட்வில் 100 பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 160 கிலோமீட்டர், 12 மணி நேரக் கெடு. புறப்படும் ஊரே 3,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது, பாதை திரும்பும் இடம் 3,700 மீட்டரையும் தாண்டுகிறது. அந்த உயரத்து மெல்லிய காற்றில் தொடக்கத்திலேயே மூச்சு வாங்கினால் பிறகு அது அடங்காது. முதல் ஏற்றத்தில் பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள். பாதியில் மூச்சு முட்டினால் கியரைக் குறையுங்கள்.

புது ஷூ

வேண்டாம். புது சீட்டும்தான்.

பஞ்சர் சாமான்களைக் கட்டி வைத்துவிட்டு மறந்துபோவது

எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல் இதில்தான்.

உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர் போட்ட பிறகு பஞ்சரையே மறந்துவிட்டோம். முள் குத்தும், உள்ளே ஊற்றியிருக்கும் சீலண்ட் என்ற ஓட்டையடைக்கும் திரவம் அதை அடைக்கும், நாம் போய்க்கொண்டே இருப்போம். நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். முன்பு நான் ஓட்டிய ஒரு பந்தயத்தில், 62-வது கிலோமீட்டரில் ஒரு கல் இறக்கம். பின் டயரின் பக்கவாட்டை ஏதோ கீறியது. புஸ்ஸென்று காற்று போனது. நான் பதறவே இல்லை. பையில்தான் எல்லாம் இருக்கிறதே!

கிழிசலைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பினேன், சீலண்ட் வந்து அடைக்கட்டும் என்று. ஒரு சொட்டு வரவில்லை. ஊற்றி ஏழு மாதம் ஆகியிருந்தது. லேடெக்ஸ் சீலண்ட் வெயிலையும் வறட்சியையும் பொறுத்து இரண்டு முதல் ஆறு மாதத்தில் காய்ந்துவிடும். என் டயருக்குள் அது வெறும் ரப்பர் ஏடாக ஒட்டிக்கிடந்தது. ஓட்டையில் சொருகும் ரப்பர் திரியும் அந்தக் கிழிசலில் நிற்கவில்லை.

சரி, டியூப் போடலாம். அதற்கு டியூப்லெஸ் வால்வைக் கழற்ற வேண்டும். காற்று கசியக்கூடாதென்று அதன் நட்டை வீட்டில் குறடு போட்டு இறுக்கியிருந்த புத்திசாலி நான். விரலால் அசைக்க முடியவில்லை. பல்லால்கூட முயன்றேன். இருபது நிமிடம் கழித்து ஒரு புண்ணியவான் குறடு வைத்திருந்தார்.

டியூபை நுழைத்து, டயரை நிரப்ப, கையிலிருந்த ஒரே கார்பன் டை ஆக்சைடு குப்பியைத் திறந்தேன். டயர் கல் மாதிரி நின்றது. ஏறி உட்கார்ந்து முந்நூறு மீட்டர் போயிருப்பேன், மறுபடி புஸ். டயரைப் பிரித்து உள்ளே விரலை ஓட்டினேன். ஒன்பது முட்கள்! இத்தனை மாதமாகச் சீலண்ட் சத்தமில்லாமல் அடைத்து வைத்திருந்தவை எல்லாம் உள்பக்கம் நீட்டிக்கொண்டு காத்திருந்தன. மிச்சக் குப்பி இல்லை, பம்பும் கொண்டு போகவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டே அடுத்த நிலையத்துக்குப் போனேன். அங்கே வந்து சேர வேண்டிய கெடு முடிந்து 14 நிமிடம் ஆகியிருந்தது. கால் நன்றாக இருந்தது, மூச்சு நன்றாக இருந்தது. அதனால்தான் இன்றும் எரிகிறது.

போன பந்தயத்தில் ஓர் இளைஞர் என் முன்னால் உட்கார்ந்து, கடை அட்டையே பிரிக்காத டியூபை எடுத்தார். அவருடைய ரிம் உயரமானது. டியூபின் வால்வு வெளியே எட்டிப் பார்க்கவே இல்லை.

ஆகவே, பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு ஒரு மாலை ஒதுக்குங்கள். பையில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து, பின் சக்கரத்தில் டியூப் போட்டு ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். முதல் தடவை எனக்கு 38 நிமிடம் ஆனது. வால்வு நட்டை விரலால் மட்டும் இறுக்குங்கள். திரும்ப டியூப்லெஸ்ஸாக மாற்றும்போது முள்ளெல்லாம் பிடுங்கி, புதுச் சீலண்ட் ஊற்றிக் குலுக்குங்கள், சளக்கென்று கேட்க வேண்டும். டியூபைக் கருவிகளோடு சேர்த்துத் திணித்தால் உரசியே ஓட்டையாகும், ஒரு பழைய காலுறைக்குள் போடுங்கள். பழைய டயரிலிருந்து வெட்டிய இரண்டு விரல் அகலத் துண்டும் வேண்டும். பக்கவாட்டுக் கிழிசலுக்கு உள்ளே அதை வைக்காவிட்டால் டியூப் பிதுங்கிக்கொண்டு வெடிக்கும். குப்பி எத்தனை இருந்தாலும் ஒரு சின்னப் பம்பு கட்டாயம்.

பசித்த பிறகு சாப்பிடுவது

அப்போது நேரம் கடந்துவிட்டது. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது, முதல் மணியிலிருந்தே. வயிற்றுக்கும் பயிற்சி தேவை. பந்தயத்தன்று என்ன சாப்பிடப்போகிறீர்களோ அதையே நீண்ட பயிற்சி நாட்களிலும் சாப்பிட்டுப் பழகுங்கள்.

உணவு நிலையத்தில் உட்காருவது

உட்காராதீர்கள்.

ஜோடியை விட்டுவிட்டு ஓடுவது

தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் நடக்கும் கேப் எபிக் எட்டு நாள் பந்தயம், இருவர் இருவராக ஓட்ட வேண்டியது. ஜோடிக்குள் இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது என்பது அங்கே விதி, மீறினால் தண்டனை உண்டு. விதியே இல்லாத பந்தயத்திலும் மேலே போய் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறவரால் ஒரு பயனும் இல்லை. எதிர்காற்றில் முன்னால் ஓட்டி உங்கள் ஜோடிக்கு மறைவு கொடுங்கள். வழியில் வரும் கேட்டை அவர் வருவதற்குள் திறந்து வையுங்கள். ஏற்றத்தின் உச்சியில் நின்றுகொண்டு "ஒன்றும் அவசரமில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். என்னிடம் ஒருவர் சொன்னார். அவரோடு அப்புறம் நான் ஓட்டவே இல்லை.